அடக்கம் செய்த பாட்டில்

அந்தப் பாட்டில் மண்ணுக்குள் இருந்தது பத்தொன்பது நாளும் மூன்று மணி நேரமும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து, பகல் இரண்டு மணிக்குப் புதைத்தார்கள். அதற்குப் பின் வந்த மூன்றாவது புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தோண்டி எடுத்தோம். இந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதி என் வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

பாட்டிலுக்குள் இருந்தது ஒரு பெண்ணின் மூளையிலிருந்து எடுத்த கட்டி. அதைப் புதைக்கக் கொடுத்தவள் நான்.

தூத்துக்குடியில் பாளை ரோட்டில், ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் எங்கள் லேப் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் அறுவை செய்து எடுக்கும் சதைத் துண்டுகள் எங்களிடம் வரும். டாக்டர் ஜெபசுதா அவற்றை வெட்டிப் பார்த்து, தேர்ந்தெடுத்த துண்டுகளைத் தருவார். நான் அவற்றை மெழுகில் பதித்து, தாளைவிட மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றிக் கொடுப்பேன். மெழுகில் பதித்ததற்கு பிளாக் என்று பெயர். மிச்சம் இருக்கும் சதை, கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில், அலமாரியில் இருக்கும். நான் விலங்கியல் படித்தவள். அதற்குப் பிறகு லேப் டிப்ளமோ. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊரான புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன்.

எனக்குப் பேச வராது என்றில்லை. பேச வேண்டிய நேரத்தில் வராது. அதனால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி, ஸ்லைடு தட்டின் ஓரத்தில் செருகி வைப்பேன். 'மூன்றாவது பிளாக் மறுபடி சீவ வேண்டும்.' 'சாயம் தீரப் போகிறது.' 'நாளை பாதி நாள் லீவு.' அவரும் அதே சீட்டில் 'சரி' என்று எழுதித் திருப்பித் தருவார். நான்கு வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

"இந்த லேப்ல ரெண்டு பேருக்குத்தான் சத்தம் வராது. ஒண்ணு ஃபிரிட்ஜு, இன்னொண்ணு நீ" என்பாள் வரவேற்பு மேசையில் இருக்கும் கிரேசி. "ஃபிரிட்ஜாவது கரண்ட் போயிட்டு வந்தா முனங்கும். ஏளா, உனக்கு என்ன கேடு?"

நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாதத்தின் முதல் வெள்ளி. கிரேசி பூசைக்குப் போயிருந்தாள். டாக்டர் ஓர் ஆஸ்பத்திரியில் மீட்டிங்கில் இருந்தார். பதினோரு மணிக்கு ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் துணிப்பை. மேசைக்கு முன்னால் நின்று, பேச ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். நான் பேசுவது போலவே இருந்தது.

"தங்கச்சி, என் பேரு முஆத். காயல்பட்டினம். என் வீட்டுக்காரியோடது இங்க இருக்குன்னு சொன்னாங்க."

அவர் மனைவி பெயர் அஃபீஃபா. முப்பத்து நான்கு வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று மாதமாகத் தலைவலி, பிறகு இடது கையிலிருந்து சாக்பீஸ் டப்பா நழுவி விழ ஆரம்பித்தது. ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் ஒரு கட்டி. ஒன்பது நாளுக்கு முன்னால் அறுவை நடந்தது. எலுமிச்சம்பழ அளவு. முழுவதையும் எடுத்துவிட்டதாக சர்ஜன் எழுதியிருந்தார். இதெல்லாம் எனக்குப் படிவத்திலிருந்து தெரியும்.

"உடம்புல இருந்து பிரிஞ்சது எதுவானாலும் மண்ணுக்குத்தான் போகணும் தங்கச்சி" என்றார் முஆத். "எங்க உம்மா நகம் வெட்டினா கூட மண்ணுல போட்டு மூடச் சொல்லுவாங்க. இது தலைக்குள்ள இருந்தது. நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டு. ஷார்ஜாவுல லீவு இதுக்கு மேல தர மாட்டாங்க. நான் இருக்கும்போதே அடக்கிட்டுப் போனா மனசு கொஞ்சம் ஆறும்."

கடைசி ரிப்போர்ட் போய் ஒரு மாதம் ஆகும்வரை மிச்சத்தை வெளியே தரக்கூடாது. தருவதானால் டாக்டர் கையெழுத்து வேண்டும். இந்த இரண்டு வாக்கியமும் என் வாய்க்குள் தயாராக இருந்தன. வரவில்லை.

வேறு யோசனைகள்தான் வந்தன. அந்தக் கட்டியிலிருந்து நான்கு பிளாக் போட்டு, அவற்றை முந்தைய நாளே சென்னைக்கு அனுப்பியிருந்தோம். புற்றுநோய் என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. எந்த வகை என்பது தெரியவில்லை. அதைச் சென்னையில் டாக்டர் லிங்கராஜ் பார்ப்பார். மூளைக் கட்டிகளை மட்டுமே பார்க்கிறவர். அவருக்கு பிளாக் போதும். அலமாரியில் இருப்பது இன்னும் இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் ஏறி எரியப் போகிறது. எரிவதைவிட மண்ணுக்குப் போவது மேல் என்று தோன்றியது.

பாட்டிலை எடுத்தேன். மூடியை இறுக்கினேன். ஃபார்மலின் கண்ணுக்கு ஆகாது என்பதால் ஒரு தாளில் 'திறக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பையில் வைக்கும்போது உதடு அசைந்தது. ஏதோ ஓதினார் என்று நினைக்கிறேன்.

திங்கள்கிழமை டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். திங்கள்கிழமை சீட்டு எழுதினேன். அது பைக்குள்ளேயே இருந்தது. பிறகு அடுத்த திங்கள்.

சென்னையிலிருந்து பதில் வந்தது மூன்றாவது புதன்கிழமை காலையில். டாக்டர் ஜெபசுதா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே என்னிடம் சொன்னார்.

"அந்தக் காயல்பட்டினம் கேஸு. லிங்கராஜ் ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வாராரு. மூளையோட சொந்தச் செல்லு இல்லையாம். தோல் புற்றுநோய் பரவி வந்ததும் இல்லையாம். உடம்பு ஸ்கேன்லயும் வேற எங்கயும் ஒண்ணும் இல்ல. நரம்பு உறைக் கட்டியா இருக்கும்னு சொல்லுதாரு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கேள்வி என் முகத்தில் இருந்திருக்கும்.

"நரம்புக்கு மேல உறை மாதிரி ஒரு செல்லு சுத்தியிருக்கும்லா, அதுல வாரது. கையில வரும், தொடையில வரும். அங்க வந்தாலே அபூர்வம். மூளைக்குள்ள அந்த உறையே கிடையாது. கூப்பிடாத கல்யாணத்துல வந்து முதல் பந்தியில உக்காந்த மாதிரி. ரத்தக்குழாயச் சுத்தியிருக்கிற சின்ன நரம்புல இருந்து வருதுங்காங்க, ஒருத்தருக்கும் உறுதியாத் தெரியாது. உலகத்துலயே எண்ணிக்கையாத்தான் எழுதி வச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேரு சரியாத் தெரியணும் செல்வி. உறைக் கட்டின்னா எடுத்த இடத்தைச் சுத்தி ரேடியேஷன், அளவு கூட. மூளையோட சொந்தக் கட்டின்னா கூடவே ஒரு மாத்திரை. இதுக்கு அந்த மாத்திரை கேக்காது, ரத்த அணுவத்தான் இறக்கும். இன்னும் ஒரே ஒரு சாயம் போட்டா முடிஞ்சிரும். ஆனா நம்ம பிளாக்ல மூணுல வெறும் செத்த செல்லாம். நாலாவது சீவிச் சீவித் தீந்து போச்சாம். மிச்சத்த எடுத்து வை, நாளைக்குக் காலைல வெட்டி அனுப்புவோம்."

நான் தலையாட்டினேன். தட்டு ஓரத்தில் 'இன்று பாதி நாள் லீவு' என்று சீட்டு வைத்தேன். 'சரி' என்று வந்தது.

காயல்பட்டினம் வழியாகப் போகும் திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உப்பளங்களில் அள்ளிக் குவித்திருந்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. முக்காணியில் ஆற்றைத் தாண்டியபோது, மூன்று வாரம் மண்ணுக்குள் இருந்தால் சதை என்ன ஆகும் என்று யோசித்தேன். படித்தவள்தான். பதில் தெரியும். துணியில் சுற்றிப் புதைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

காயல்பட்டினத்தில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையில் ஒரு முடுக்கு போகும். பெண்கள் நடக்கும் வழி. அதன் வழியே ஒரு பெண் என்னைக் கூட்டிப்போய் அஃபீஃபாவின் வீட்டுப் பின்கட்டில் விட்டாள். அஃபீஃபா தரையில் உட்கார்ந்து, ஒரு தட்டிலிருந்து பாசிப்பயறை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் வெள்ளை முக்காடு. பக்கத்தில் அவள் உம்மா நூர்ஜஹான்.

"லேப்ல இருந்து வாரேன்" என்றேன். அதற்கு மேல் போகவில்லை.

"உக்காருங்கோமா. ரிப்போர்ட்டு வந்துட்டா?" என்று நூர்ஜஹான் எழுந்தார்.

"இல்ல. அந்தப் பாட்டில் வேணும்."

ஒரு பயறு டம்ளரில் விழுந்த சத்தம் கேட்டது. நான் துண்டு துண்டாகச் சொன்னேன். பிளாக் தீர்ந்தது, இன்னொரு சாயம் போட வேண்டும், நோயின் பெயர் அதில்தான் தெரியும்.

"அது அடக்கினதும்மா" என்றார் நூர்ஜஹான். "மண்ணுக்குக் கொடுத்தத மறுபடி எடுக்கலாமா? மருமகன் ஓதி வச்சுட்டுப் போயிருக்காரு."

"உம்மா, அது யாரு சாமான்?" என்றாள் அஃபீஃபா.

"உன்னோடதுதான். அதுக்கு?"

"என் தலைக்குள்ள வரும்போது அது என்கிட்ட கேட்டுக்கிட்டா வந்துச்சு? இப்ப நான் ஏன் அதுகிட்ட கேக்கணும்? தோண்டுங்க."

"வாயப் பாரு. மூளைய அறுத்தாங்களா, நாக்குக்குச் சாணை பிடிச்சு விட்டாங்களா?" என்று நூர்ஜஹான் முணுமுணுத்தார். ஆனாலும் போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். வீடியோவில் முஆதின் முகம் வந்தது. பின்னால் ஏதோ சரக்குக் கிட்டங்கி. நூர்ஜஹான் விஷயத்தைச் சொன்னார்.

"எடுங்க மாமி. அவளுக்கு வேணும்னா எடுத்துத்தான் ஆகணும். கிணத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவுல, ரெண்டு முழ ஆழம். அன்னிக்கே ஜும்மா முடிஞ்சு ரெண்டு மணிக்கு வச்சது." பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். பிளாஸ்டிக்கோட எப்படி அடக்குறதுன்னு, துணியில சுத்தலாம்னு மூடியத் தொறந்தேன். நீங்க எழுதியிருந்தீங்க, நான்தான் கேக்கல. கண்ணு எரிஞ்சு ஒண்ணும் தெரியல. அப்படியே மூடிப் புதைச்சிட்டேன். சரியா மூடினேனான்னு தெரியாது."

கேட்ட உடனே ஒளிக்காமல் சொன்னார். ஷார்ஜாவில் இருந்துகொண்டு அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மணல் மண். தோண்டச் சிரமம் இல்லை. நூர்ஜஹான் ஒரு மண்வெட்டியால் வெட்ட, நான் கையால் அள்ளினேன். 'திறக்கக் கூடாது' என்ற தாள் கரைந்து போயிருந்தது. பாட்டில் சரிந்து கிடந்தது. மூடி கோணலாக ஏறியிருந்தது. பாதி ஃபார்மலின் கசிந்து மண்ணில் போயிருந்தது. கட்டி ஒரு பக்கம் திரவத்தில் கிடந்தது. மறுபக்கம் வெளியே நின்று, காய்ந்து, சுட்ட பனங்கிழங்கு மாதிரி நிறம் மாறியிருந்தது. மண் ஒட்டிய மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன். மணி ஐந்து.

நான் கொண்டுபோயிருந்த புதுப் பாட்டிலுக்கு மாற்றி, புது ஃபார்மலின் ஊற்றினேன். கிளம்பும்போது அஃபீஃபா கேட்டாள்.

"நீங்க வந்தது உங்க டாக்டருக்குத் தெரியுமா?"

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கணக்கு டீச்சர். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி. எனக்குப் பேரு மட்டும் சரியாச் சொல்லச் சொல்லுங்க. பேரு தெரியாத நோய்க்கு நான் என்னன்னு துஆ கேக்க?" என்றாள். அடுத்த பயறை எடுத்தாள். அது விரலிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை பாட்டில் அலமாரியில், அதன் பழைய இடத்தில் இருந்தது. எதுவுமே நடக்காதது போல.

நல்ல பக்கம் எது, காய்ந்த பக்கம் எது என்று எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி ஃபார்மலினில் ஊறியதில் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. டாக்டர் நல்ல பக்கத்தில் வெட்ட வேண்டும். அதற்காக விடிந்ததும் வந்து, நல்ல முனையில் ஊசியால் ஒரு கறுப்பு நூல் கோத்து வைத்திருந்தேன். நூலைப் பார்த்தால் அங்கே வெட்டுவார் என்று நினைத்தேன்.

டாக்டர் கட்டியைப் பலகையில் வைத்துத் திருப்பினார்.

"இது என்ன நூலு? போன தடவ கவனிக்கலையே. சர்ஜன் அடையாளத்துக்குப் போட்டிருக்காரு போல. மூளைக் கட்டிக்கு யாரு இப்படிப் போடுதா?" கொஞ்சம் யோசித்தார். "ஏதோ முக்கியமான முனை. அதுல கத்தி வைக்காண்டாம். பத்திரமா இருக்கட்டும். இந்தப் பக்கமே வெட்டுவோம்."

"மேடம்" என்றேன்.

"என்னம்மா?"

அவர் கத்தியோடு என்னைப் பார்த்தார். அந்த நேரம் கிரேசி வாசலில் தலையை நீட்டி, "மேடம், கூரியர்க்காரன் வந்து நிக்கான். இன்னிக்கு உண்டா இல்லையான்னு கேக்கான்" என்றாள்.

"நாளைக்கு வரச் சொல்லு" என்ற டாக்டர் மறுபடி குனிந்துவிட்டார். "செல்வி, இந்தப் பக்கம் கொஞ்சம் விறைப்பா இருக்கே. ஃபார்மலின் குறைஞ்சுதோ? அப்பப்பப் பாத்து ஊத்தணும்மா."

"சரி மேடம்."

அந்த 'சரி' சுலபமாக வந்தது. எனக்கு வாயில் சுலபமாக வரும் சொல் அது ஒன்றுதான்.

ஆறு பிளாக் போட்டோம். ஆறும் காய்ந்த பக்கம். நூல் கட்டிய முனை, கட்டை விரல் நுனி அளவு, பாட்டிலுக்குத் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் முழுக்க டாக்டரின் புத்தகத்தில் அந்தச் சாயத்தைப் பற்றிப் படித்தேன். அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் புரதத்தில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. அந்த அடையாளம் இருந்தால் உட்கரு பழுப்பாகும். சாதாரணச் செல்கள் எல்லாமே பழுப்பாகும். நரம்பு உறைப் புற்றுநோயில் பல சமயம் அந்த அடையாளம் அழிந்துபோயிருக்கும். பழுப்பு ஏறாது. வெறும் நீலமாக நிற்கும். நிறம் வராததுதான் நோயின் அடையாளம்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகு மறுபடி திறந்தேன். அடுத்த பத்தி எனக்காகவே எழுதியது போல இருந்தது. சதை காய்ந்து கெட்டிருந்தாலும் நிறம் வராது. அதனால், பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாய்ச் செல்கள் பழுப்பாகியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவையும் பழுப்பாகாவிட்டால் அந்தச் சாயத்தை நம்பக்கூடாது.

வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்த பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வெள்ளிக்கிழமை இரண்டு மணி. புதன்கிழமை ஐந்து மணி. பத்தொன்பது நாளும் மூன்று மணி நேரமும். அன்றே தட்டில் செருகியிருக்கலாம். செருகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, நான்கு வருடமாக என் சீட்டுகளில் 'சரி' என்று எழுதிய கை இந்தச் சீட்டில் என்ன எழுதும் என்ற பயம்.

அந்த வாரத்தில் அஃபீஃபா இரண்டு தடவை போன் செய்தாள். கிரேசிதான் பேசினாள்.

"டீச்சர், உங்க ரிப்போர்ட்டு வந்தா முத போன் உங்களுக்குத்தான். நானே ஓடியாந்து சொல்லுவேன்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாவம்ளா. ரேடியேஷனுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்காங்களாம். ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணுமாம். பேரு தெரியாம ஆரம்பிக்க மாட்டோம்ங்காங்களாம். என்னத்தத் தேடுதாங்க இத்தனை நாளா?"

"நிறம்" என்றேன்.

"வாயத் தொறந்தா ஒரு சொல்லு. அதுவும் விளங்காத சொல்லு" என்றாள் கிரேசி.

வியாழக்கிழமை. அறுவை முடிந்து முப்பத்தாறாவது நாள். காலை பத்தரைக்கு டாக்டர் லிங்கராஜ் கூப்பிட்டார். டாக்டர் ஜெபசுதா கையில் உறை போட்டிருந்ததால், போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

"மேடம், நல்ல செய்தின்னும் சொல்லலாம்" என்றது குரல். "கட்டிச் செல்லுல நிறம் வரலை. சுத்தமா இல்ல. நான் நினைச்சது சரி."

டாக்டர் ஜெபசுதாவின் முகம் மலர்ந்தது. "அப்ப உறைக் கட்டிதான்?"

"அப்படித்தான் தோணுது. ஒரு சின்ன உறுத்தல். ரத்தக்குழாய்லயும் அஞ்சு பிளாக்ல நிறம் வரலை. ஆறாவதுல, ஒரு ஓரத்துல மட்டும் லேசா வந்திருக்கு. சாயம் சரியா ஏறலையா, இல்ல சதையே கெட்டிருந்துச்சான்னு ஒரு சந்தேகம். உங்ககிட்ட இருந்தப்ப எப்பவாவது காஞ்சிருக்குமா?"

"எங்க லேப்லயா? வாய்ப்பே இல்ல டாக்டர். என் டெக்னீஷியன் தங்கமான பொண்ணு. ஒரு சொட்டு ஃபார்மலின் குறைஞ்சாலும் சீட்டெழுதி வச்சிருவா."

"உங்க வார்த்தை போதும். அந்த ஓரத்தை வச்சே நான் கையெழுத்துப் போட்டுருதேன். மத்தியானம் ரிப்போர்ட் வந்துரும். அவங்களும் ரேடியேஷன ஆரம்பிக்கட்டும், பாவம், ரொம்ப நாளாச்சு."

எல்லோருக்கும் வேண்டியது கிடைக்கப் போகிறது. அஃபீஃபாவுக்குப் பெயர் கிடைக்கும். அது சரியான பெயராகவும் இருக்கலாம். சென்னை டாக்டர் நினைப்பது அநேகமாகச் சரிதான். நான் சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பது எனக்குத் தெரிந்த வேலை.

தவறான பெயராகவும் இருக்கலாம். அப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவள் துஆ கேட்பாள். அந்தப் பெயருக்குத்தான் கதிர் வைப்பார்கள்.

பையிலிருந்து சீட்டை எடுத்தேன். டாக்டரின் தட்டில், அவர் கண்ணுக்கு நேராக வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. இரண்டு கையிலும் உறை, உறையில் ரத்தம்.

"ஒண்ணும் தெரியலம்மா. கண்ணாடிய இறக்க முடியாது. என்ன எழுதியிருக்க, வாசி."

நான் வாசிக்கவில்லை.

"லைன்ல இருக்கேன் மேடம்" என்றது போன்.

"ஒரு நிமிஷம் டாக்டர். செல்வி, வாசிம்மா. சாயம் தீந்துட்டா?"

சீட்டைக் கையில் எடுத்தேன். எழுத்துகள் என்னுடையவைதான். வாசிக்கத் தொடங்கினால் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் நின்றுவிடுவேன் என்று தெரிந்தது. சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"அந்த நூலு சர்ஜன் போட்டது இல்ல மேடம்" என்றேன். "நான் போட்டது. அந்த முனை மட்டும்தான் காயாம இருக்கு. இப்பவும் பாட்டில்ல இருக்கு. அதுல வெட்டினா நிறம் சரியாத் தெரியும்."

டாக்டர் ஜெபசுதா என்னைப் பார்த்தார். என் குரலை இவ்வளவு நீளமாக அவர் கேட்டதே இல்லை. கிரேசி வாசலில் வந்து நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"மத்தது எப்படிக் காஞ்சுது?" என்று அவர் மெல்லக் கேட்டார். போனில் சென்னையும் காத்திருந்தது.

"இடையில கொஞ்ச நாள் பாட்டில் இங்க இல்ல மேடம். அடக்கம் பண்ணணும்னு அவங்க வீட்டுக்காரர் வந்து கேட்டாரு, நான்தான் உங்ககிட்ட கேக்காம எடுத்துக் கொடுத்தேன். பத்தொன்பது நாளும் மூணு மணி நேரமும் அது காயல்பட்டினத்துல மண்ணுக்குள்ள இருந்துச்சு."